கையை எடுக்காதவர்

நான் கால் முறிந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கையில் அதே ஊர் டாலிகஞ்ச் பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். கட்டில் கொள்ளாத உடம்பு. வயிற்றில் குடலிறக்கம். இருமினாலும் சிரித்தாலும் தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை அழுத்திக்கொள்வார்.

அவர் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டு, உள்ளே வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

மாதங்கள் கழித்து ஊன்றுகோலோடு அவர் கடைக்குப் போனேன். இருமினார். கை அங்கேயே போனது.

“இன்னும் வலிக்குதா பாய்?”

“பில்குல் இல்ல தம்பி, துளிகூட இல்ல. டாக்டரும் கைய எடுங்கன்னுதான் சொல்றாரு. எடுத்தா, கூட்டத்துல புள்ளையோட கைய விட்ட மாதிரி திக்குனு இருக்கு.”

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

என் கால் சேர்ந்துவிட்டது. வயிற்றில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் இருமல் வந்தால் என் கை தொப்புளுக்கு மேலே போய்விடுகிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது.