மேரி அக்கா சிபாரிசு செய்த புத்தகம்

சவரிமேரிக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதுவரை ஒரு நாவலைக்கூட அவள் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. இந்தச் சங்கதி ஆண்டவருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

மற்றபடி, கடலூரிலிருந்து காலை எட்டு மணிக்குச் சிதம்பரம் கிளம்பும் பஸ்ஸில் அவளைப் போலப் படிப்பாளி கிடையாது என்றுதான் பேச்சு. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கிளார்க் உத்தியோகம். புருஷன் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது, மகள் பெங்களூரில் நர்ஸ். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருந்தாள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், கையில் எந்நேரமும் ஒரு புத்தகம். பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள் குட்மார்னிங் சொல்வதில்லை, "இப்ப என்னாக்கா ஓடுது?" என்றுதான் கேட்பார்கள், தியேட்டரில் ஓடும் படத்தைக் கேட்கிறமாதிரி. அவளும் கதையை எடுத்து விடுவாள். ஆலப்பாக்கத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்கும். புதுச்சத்திரத்தில் மாமியார்க்காரி வந்து சேருவாள். பி.முட்லூர் தாண்டுவதற்குள் வீடு ரெண்டுபட்டிருக்கும். கண்டக்டர் ஞானசேகரன் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறந்து நிற்பார்.

எல்லோரும் வாயைப் பிளந்திருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவாள். "மிச்சத்த நீங்களே படிச்சுக்குங்க. கடைசில என்னா ஆவுதுன்னு சொல்லிட்டா அப்புறம் என்னா இருக்கு?" என்பாள். அடடா, எவ்வளவு பண்பான வாசகி என்று எல்லோரும் மெச்சினார்கள். பண்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கடைசியில் என்ன ஆகிறது என்று அவளுக்கே தெரியாது.

பாதி வந்ததும் அவளுக்கு அடுத்த புத்தகத்தின்மேல் ஆசை வந்துவிடும். இதை மூடிவிட்டு அதைத் திறப்பாள். வீட்டு அலமாரியில் நாற்பது ஐம்பது புத்தகங்கள், எல்லாவற்றிலும் கதாநாயகிகள் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார்கள். படித்து முடித்தீர்களா என்று யாராவது கேட்டால் கூசாமல் ஆமாம் என்பாள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே என்று அவள் நினைப்பு.

ரேகா புதுச்சத்திரத்தில் ஏறுகிறவள். இருபத்தாறு வயது, சிதம்பரத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை. சவரிமேரி பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பாள். ரேகாவின் புருஷன் அருள்முருகனுக்குச் சந்தேகம் ஒரு வியாதி. போன் அடித்தால் யார், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை. ரேகா இரண்டு தடவை புவனகிரியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அம்மா கொளஞ்சியம்மாள் இரண்டு தடவையும் பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு, தானே கூட்டிவந்து மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். இதெல்லாம் பஸ் முழுக்கத் தெரியும். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

2009 ஆடி மாதம் ஒருநாள் ரேகா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வெயிலில் ஏன் என்று சவரிமேரிக்குப் புரிந்தது. பேச்சை மாற்றுவதற்காகப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். திருப்பாதிரிப்புலியூரில் தேவநாதன் நடத்தும் வாடகை நூல்நிலையத்துப் புத்தகம், பெயர் 'எட்டாம் நம்பர் வீட்டு விமலா'. ஆபீஸ் போகும் பெண், கைநீட்டும் புருஷன். ஒருநாள் விமலா வீட்டைப் பூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறுகிறாள். கடலோர ஊர் ஒன்றில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடக்கிறாள். அந்த இடத்தில்தான் சவரிமேரி புத்தகத்தை மூடிவிட்டு ஒரு துப்பறியும் கதைக்குத் தாவியிருந்தாள்.

"இதப் படிச்சுப் பாரு ரேகா. ஒன்ன மாதிரியே ஒருத்தி."

ரேகா வாங்கிப் புரட்டினாள். பிறகு, பஸ்ஸில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "கடைசில அவ செய்யிறது சரியாக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவள் வாயில் இடமே கிடையாதே. "அவ செய்யிறதுதான்டி சரி. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை ரேகா பஸ்ஸில் ஏறவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சவரிமேரி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட ஆபீசுக்குள் அருள்முருகனும் கொளஞ்சியம்மாளும் நுழைந்தார்கள். அவன் கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். "மேரின்றது யாரு?" என்றான். அவள் எழுந்ததும் தாளை மேஜையில் போட்டான்.

ரேகாவின் எழுத்துதான். 'என்னைத் தேடாதீங்க. மேரி அக்கா கொடுத்த புத்தகத்துல கடைசியா விமலா செஞ்சதைத்தான் நானும் செய்யிறேன். அது என்னான்னு அக்காவுக்குத் தெரியும்.'

சவரிமேரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விமலா மணலில் நடந்துபோனாளே. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனாளே. அதற்கப்புறம்?

"என்னாம்மா செஞ்சா அந்தப் பொம்பள? சொல்லும்மா" என்று கொளஞ்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். டீச்சர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் இவள் புத்தகம் சிபாரிசு செய்திருக்கிறாள். எல்லோரும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கவில்லை என்று சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடி அவளுக்கு வாய்க்கவில்லை. ஒரு உயிர் போகிற நேரத்திலும் தன் பெயரைக் காப்பாற்றப் பார்த்தாள் பாவி மனுஷி.

"எனக்குப் புரியுது. நான் போயிப் பாத்துட்டு போன் பண்றேன். ஒங்க நம்பரக் குடுங்கம்மா" என்றாள்.

"எங்க போயி?" என்று அருள்முருகன் கத்தினான். அவள் அதற்குள் நம்பரை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே வந்துவிட்டாள்.

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து ரேகாவின் நம்பரை முப்பது தடவை அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே தண்ணீரைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் வரவில்லை. விமலா, விமலா என்றுதான் வாய் முணுமுணுத்தது. எழுதினவன் நல்லவனாக இருக்க வேண்டும், அவளை வாழவைத்திருக்க வேண்டும். இதைத்தான் அவள் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டாள். அச்சாகி எத்தனையோ வருஷமான கதையை ஆண்டவர் இப்போது எப்படி மாற்றுவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நூல்நிலையத்தில் தேவநாதன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டாம் நம்பர் வீட்டு விமலா இன்னொரு காப்பி இருக்கா?"

"ஒரே காப்பிதான். அது ஒங்ககிட்டதான இருக்கு?"

"கடைசில அவ என்னா ஆவுறா?"

தேவநாதன் சிரித்தார். "யாரு யாரக் கேக்குறது! பிரமாதம் பிரமாதம்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க?"

"சார், கும்புடுறேன். ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவள் குரலில் அவர் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "படிச்சு ரொம்ப வருஷம் ஆச்சும்மா. அந்தப் பொண்ணு கடல்ல எறங்கிடும்னு நெனைக்கிறேன். ஆமா, எறங்கிடும். பொணம்கூட கெடைக்காது."

அந்தக் கணம் அவள் எப்படி நின்றாள் என்று பிற்பாடு தேவநாதன்தான் எல்லோரிடமும் சொன்னார். அலமாரியைப் பிடித்தாளாம், அலமாரியே ஆடியதாம்.

ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாள். தன் தெரு முனையைத் தாண்டித்தான் ஆட்டோ போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கடல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். நாலரை வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி வந்தபோது, அதே கரையில் ஆள் தேடியவர்களில் அவளும் ஒருத்தி. மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம், சுண்டல் விற்கிற பெண்ணிடம், கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டாள். முழுக்கை ரவிக்கை போட்ட பொண்ணு, செவப்பா, ஒல்லியா. யாரும் பார்க்கவில்லை.

மூன்றரை மணிக்குக் கால் ஓய்ந்து மணலில் உட்கார்ந்தாள். கொளஞ்சியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் அந்தப் புத்தகத்தப் பாதிதான் படிச்சேன். அவ என்னா செஞ்சான்னு எனக்குத் தெரியாதும்மா."

"படிக்காமயா எம்பொண்ணுக்குக் குடுத்த?" என்றாள் கொளஞ்சியம்மாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் திட்டவில்லை, அப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நிஜமாகவே கேட்டாள். பிறகு, போலீசுக்குப் போகிறோம், சமீபத்தில் எடுத்த போட்டோ இருந்தால் எடுத்து வை என்றாள்.

போன கிறிஸ்துமஸுக்கு ரேகா இவள் வீட்டுக்கு வந்தபோது எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதை எடுக்கத்தான் சவரிமேரி வீட்டுக்கு வந்தாள். கீழ் வீட்டுக்காரர்கள் வேளாங்கண்ணி போயிருந்தார்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

மாடிப்படியில் ரேகா உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு கட்டைப் பை, மடியில் புத்தகம்.

சவரிமேரிக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாக்கா இவ்ளோ நேரம்?" என்றாள் ரேகா. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "ஒம்பதரைலேந்து ஒக்காந்திருக்கேன். சிதம்பரம் வந்தா அவரு அங்கதான தேடுவாரு, அதான் இங்க வந்துட்டேன். செல்போன நேத்து ராத்திரியே ஒடச்சிட்டாரு. ஒங்க நம்பரும் அதோட போச்சு. எழுதி வச்சத ஒங்ககிட்ட காட்டலையா?"

"காட்டுனாங்க."

"எப்ப?"

"பதினோரு மணிக்கு."

ரேகா கணக்குப் போட்டாள். "அப்ப ஒரு மணிக்கெல்லாம் வந்திருக்கலாமே. எங்க போனீங்க?"

"பீச்சுல தேடிக்கிட்டு இருந்தேன்."

"பீச்சுலயா? அங்க எதுக்கு? விமலா கடலப் பாத்துட்டு செருப்ப மாட்டிக்கிட்டு நேரா சிநேகிதி வீட்டுக்குப் போயிடுவால்ல. ஒங்களுக்கு மட்டும் புரியட்டும்னுதான அப்பிடி எழுதுனேன்..." பேச்சு பாதியில் நின்றது. சவரிமேரியின் சேலை முழுக்க மணல். ரேகா அதைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க படிக்கலையா?"

"பாதிதான்."

ரேகாவின் முகம் வெளிறியதைச் சவரிமேரி கண்ணெதிரே பார்த்தாள். புருஷன் அடித்தபோதுகூட அவள் இப்படி அதிர்ந்திருக்க மாட்டாள்.

"அவ செஞ்சதுதான் சரின்னு சொன்னீங்களே. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்னு சொன்னீங்களே."

"தெரியாம சொல்லிட்டேன்டி."

"அந்த ஒரு பேச்ச நம்பித்தான்க்கா நான் படியெறங்கி வந்தேன். கதைய நம்பியா ஒருத்தி வீட்ட விட்டு வருவா?"

ரேகா எழுந்து பையைத் தூக்கினாள். எங்கே போவாள்? புவனகிரிக்கா, மறுபடியும் பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கா? சவரிமேரி படியை விட்டு நகரவில்லை. அது ஒற்றை ஆள் போகிற படி. அப்போது போன் அடித்தது. கொளஞ்சியம்மாள்.

"அம்மா, இருக்கா. உயிரோட இருக்கா. என் வீட்லதான் இருக்கா."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அடுத்த நொடி போன் கை மாறியது. "எந்த எடம்? அட்ரஸ் சொல்லு" என்றான் அருள்முருகன்.

ரேகா தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. சவரிமேரி ஆயுசுக்கும் யாரையும் எதிர்த்துப் பேசியவள் இல்லை.

"பள்ளிக்கூடத்துல கேட்டா குடுப்பாங்க. வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. இவள அனுப்ப மாட்டேன்."

அவன் என்னவோ கத்தினான். அவள் போனை அணைத்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ரேகாவைப் பார்த்தாள்.

"வந்துடுவாருக்கா" என்றாள் ரேகா.

"வருவான். அஞ்சரை பஸ்ஸுல வருவான்." கைப்பைக்குள் சாவியைத் துழாவினாள். அது அகப்பட மாட்டேன் என்றது. "இந்தப் பைய நீ கொஞ்சம் பிடி. சாவி எங்க கெடக்குன்னு பாரு."

ரேகா கட்டைப் பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.