என் புத்தகத்தை நானே திருடினேன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். தறி ஓட்டும் பெண்களைப் பற்றி ஒரே ஒரு கதைப் புத்தகம் எழுதியிருக்கிறேன். அது விற்றுத் தீர்ந்து பல வருடமாகியும் மதுரைப் பதிப்பாளர் மறுபடி அச்சிடவில்லை. உரிமையைத் திருப்பிக் கேட்டாலும், "ஒப்பந்தப்படி எங்கிட்டதான சார் இருக்கு" என்பார். ஆலைப் பெண்கள் படிக்கக் கேட்டபோது என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே பிரதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் என்னைத் தெரியும்.

முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்யச் சொன்னதும் கடைக்காரப் பெண் தயங்கினாள். "அடுத்தவிய புத்தகத்த இப்பிடி எடுக்கக் கூடாது சார். அவிய எம்புட்டுப் பாடுபட்டு எழுதியிருப்பாக."

"ரொம்பத்தான் பாடுபட்டிருப்பார்" என்றேன்.

பின்னட்டையில் தலை நிறைய முடியோடு என் படம். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒங்க தம்பியா?"

"ஆமா."

"அப்பச் சரி."

பொய்ப் பெயரில் இணையத்தில் ஏற்றினேன். ஒரே வாரத்தில் ஆலையின் வாட்ஸ்அப் குழு வழியாக எனக்கே வந்தது, 'திருட்டுக் காப்பி, சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டாம்' என்ற குறிப்போடு. நானும் அந்தக் குழுவில் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

பிறகு பதிப்பாளர் போன் செய்தார். "எவனோ ஒங்க புத்தகத்த நெட்டுல போட்டுட்டான். போலீசுக்குப் புகார் எழுதியிருக்கேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

மின்னஞ்சலில் வந்த புகாரில் 'அடையாளம் தெரியாத நபர்' என்றிருந்தது. அதை அடித்துவிட்டு என் பெயரையும் முகவரியையும் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன்.

"ஜெயிலுக்குப் போறதுக்கும் ஆலையில லீவு சொல்லணுமாங்க?" என்றாள் மனைவி.

"செத்த நேரம் சும்மா இரு" என்றேன்.

அரை மணி நேரத்தில் பதிப்பாளரே அழைத்தார். "என்ன சார் வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல, நாந்தான் போட்டேன். தப்புதான், கேஸ் போடுங்க. எதுக்குப் போட்டேன்னு கோர்ட்டுல சொல்றேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுதுனவனே திருடிட்டான்னு ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா என்னையத்தான் சிரிப்பாங்க."

அடுத்த மாதம் உரிமையைத் திருப்பித் தரும் கடிதம் தபாலில் வந்தது. அடியில் பேனாவால், 'மற்ற எழுத்தாளர்களிடம் இந்த வழியைச் சொல்லிவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தார். இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன்.

இப்போது என் பெயரிலேயே புத்தகம் இணையத்தில் இருக்கிறது. போன வாரம் தறி ஓட்டும் பெண் ஒருத்தி என்னை நிறுத்தினாள். "மூணாவது கதை தப்பு சார். குறுக்க ஓடுற ஊடை நூல் அறுந்தா தறி நின்னுரும். நீங்க ஓடவிட்டிருக்கீக."

திருத்திக்கொண்டிருக்கிறேன்.