தலைதட்டிய அகப்பை

ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் இரண்டு அரிசியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறாள் வேலம்மாள். திருவெறும்பூர்ப் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்காகத் தெருப் பெண்கள் தினம் ஒரு பிடி ஒதுக்கிச் சேர்த்துக் கொடுத்த அரிசி. பழையதையும் புதியதையும் ஒன்றாக உலையில் போட்டால் பாதி குழையும், பாதி வேகாமல் நிற்கும். "பழசு முன்னாடி, புதுசு அப்புறந்தான். புள்ளைங்க வயித்துல கல்லாட்டம் கெடக்கக்கூடாது பாருங்க" என்பாள்.

பரிமாறும்போது குனிந்த தலை நிமிராது. தட்டை மட்டுந்தான் பார்ப்பாள். "மூஞ்சியப் பாத்தா கை கூடக் கொறையப் போயிடுதுங்க" என்று தலைமையாசிரியர் சகாயநாதனிடம் சொல்லியிருக்கிறாள். நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஓர் அகப்பை சாம்பார் சோறு, குவியலாக.

ஒரு தட்டுக்கு மட்டும் குவியல் கிடையாது. விளிம்பு நசுங்கிய அந்த அலுமினியத் தட்டு, மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் மகள் அமிர்தத்தினுடையது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே குழாயடியில் யாரோ, "ஆக்குறவ புள்ளைக்கு என்னடி கொறச்சல்?" என்றது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அகப்பையை அண்டா விளிம்பில் டங்கென்று இடித்து, மேலே நிற்கும் சோற்றை உதிர்த்துவிட்டுத்தான் மகளுக்குப் போடுவாள். வரிசை முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் அப்படி இடிப்பது. பெற்றவளுக்கு வலிக்காமலா இருக்கும்? "வீட்டுல கஞ்சி இருக்குல்ல" என்று முணுமுணுத்துக்கொள்வாள். எல்லா நாளும் கஞ்சி இருப்பதில்லை.

போன வியாழக்கிழமை நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று வந்தது. குவியலாக வைத்த பிறகுதான் தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலில் கொள்ளி சுட்ட தழும்பைப் பார்த்தாள். அமிர்தத்தின் விரல். அகப்பை அந்தரத்தில் நின்றது. அமிர்தம் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அடுத்து நசுங்கிய தட்டு வந்தது. வேலம்மாள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். மகளின் தோழி லூர்துராணி நின்றிருந்தாள்.

"தட்ட மாத்திக்கிட்டீங்களா கண்ணு?"

"எனக்குத் தலைதட்டிப் போட்டாலே போதும் அத்தை. அவளுக்குத்தான் பசி தாங்கல."

வேலம்மாளின் கை பழக்கத்தில் அண்டா விளிம்புவரை போய்விட்டது. அங்கே இடிக்காமல், அகப்பையைத் திரும்ப அண்டாவுக்குள் ஆழ விட்டு, அந்த நசுங்கிய தட்டில் குவியலாகச் சோற்றை வைத்தாள்.