அண்ணன் கொண்டுவந்த குழாய்

அண்ணன் ஓமனிலிருந்து துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கொண்டுவந்த குழாய் இன்னமும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது. திரேஸ்புரத்தில் அவன் கட்டிய வீட்டின் அடுப்படியில் இருக்கிறது அது. வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம். வாராவாரம் போய்ப் பெருக்கிவிட்டு அந்தக் குழாயைத் திறந்து பார்ப்பேன். தங்கச்சியான எனக்கு அவன் சொல்லிவிட்டுப் போன வேலை.

துறைமுகத்தில் அவன் கிரேன் ஓட்டினான். கப்பலிலிருந்து நிலக்கரி அள்ளுகிற பெரிய கிரேன். கப்பல் ஆடினாலும் அவன் கை ஆடாது என்று, சிக்கலான வேலை வந்தால் அவனைத்தான் தேடுவார்கள். சம்பளமும் மோசமில்லை, வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காணும். காணாதது தண்ணீர்தான். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டே மதினிக்குப் பாதி ஆயுள் போனது. கரித்தூசியோடு வருகிற அண்ணன் அரை வாளியில் குளியலை முடித்துவிடுவான்.

அவன் மகளுக்குப் புதுநன்மை, மாதா கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். முந்தின நாள் லாரி வரவில்லை. மிச்சமிருந்த தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளை உடுப்பு போட்டிருந்தோம். ராத்திரி வேலை முடிந்து வந்தவன், ஈரத் துண்டால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு கோவிலுக்கு வந்து வாசல் தூணோரம் நின்றுவிட்டான். பூசை முடிந்ததும் நன்மை வாங்கிய பிள்ளையை அப்பா தூக்கிக் கன்னத்தில் முத்தி செய்வது எங்கள் வழக்கம். அவள் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராதம்மா, உடுப்பு கரியாயிரும்."

பிள்ளை அழுதாள். ஊரே பார்த்தது. அவமானத்தில் அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைக்க, முகம் இன்னும் கறுத்தது.

அடுத்த மாதமே ஓமனில் கிரேன் வேலைக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தான். "துட்டுக்குப் போறேன்னு நினைக்காதளா. அங்கன வேலை முடிஞ்சா குளிச்சிட்டுதான் வீட்டுக்குப் போவாங்களாம்" என்றான். தொழில் தெரிந்தவனெல்லாம் ஊரை விட்டு ஓடுகிறான், நாட்டுப்பற்று இல்லை என்று இங்கே மேடை போட்டுப் பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளிக்கத் தண்ணீர் கொடுக்க வக்கில்லாதவர்களுக்குப் பேச்சு மட்டும் குறைவில்லை.

அந்தச் சம்பாத்தியத்தில் வீடு எழும்பியது. எங்கள் கோவில் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். அன்று வீட்டுக்குள் வந்த தண்ணீர் அவர் தெளித்த தீர்த்தம் மட்டும்தான். புதுக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. "இதுல தண்ணி வரட்டும், மறுமாசமே ஊரோட வந்துருதேன்" என்றான் அண்ணன். அடுத்த தடவை வந்து மதினியையும் பிள்ளையையும் கூட்டிப் போனான். ஆனாலும் அந்த வார்த்தையை நான் நம்பினேன். கூடப் பிறந்தவன் என்று எனக்கு அவன் ஒருவன்தானே. "ஏளா, தண்ணி வருதா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்பான். இல்லை என்பேன்.

சமீபத்தில் அண்ணன் வீட்டுத் தெருவுக்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் பதித்தார்கள். போன வாரம் அடுப்படிக் குழாயைத் திறந்தேன். முதலில் இருமியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு, ஈரக் கையோடு அவனைப் போனில் வீடியோவாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தண்ணி வந்துட்டுண்ணே!"

அவனுக்குப் பின்னால் மகள், இப்போது கல்லூரிக்குப் போகிறவள், தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு நடந்து போனாள். அண்ணன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இறுக்கி அடைச்சிருளா" என்றான். "சொட்டிச் சொட்டிச் சுவரு ஊறிரும்."

அடைத்தேன். வீட்டைப் பூட்டினேன். இந்த வாரம் நான் போகவில்லை.