தங்கையின் விரலுக்கு ஒரு நிறம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது. ஓசூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான் டிசைனர். சிப்காட்டில் வேலை பார்த்த என் தங்கைக்கு பிரஸ் மெஷினில் மாட்டி வலது கை மோதிர விரல் பாதி போய்விட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கை துப்பட்டாவை விட்டு வெளியே வரவே இல்லை. கல்லாவியில் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

புனேயில் சிலிக்கோனில் செயற்கை விரல் செய்பவர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. கையை அச்செடுத்து பார்சலில் அனுப்பினோம். கலருக்கு ஃபோட்டோ போதும் என்றார். கடை கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினேன். வந்த விரலைப் பார்த்ததும் பகீரென்றது. வெள்ளைக்காரி விரல்! கல்யாண பேனரோ மஞ்சள் நீராட்டு பேனரோ, எங்கள் கடையில் முகத்தை வெளுக்காமல் பிரிண்ட் போட்டதே இல்லை. அதே பழக்க தோஷத்தில் அவள் கையையும் ஒரே கிளிக்கில் வெளுத்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். "செவப்பாத்தான இருக்குது, இருந்துட்டுப் போவட்டும் வுடுடி."

"இது யாரோட விரலும்மா? எனக்கு என் கலர்தான் வேணும்" என்று அழுதாள் தங்கை.

வேறு ஃபோட்டோ அனுப்பலாம்தான். ஆனால் என் திரையில் ஒரு நிறம், அவர் ஃபோனில் இன்னொரு நிறம். அப்புறம்தான் யோசனை வந்தது. திரையை நம்பினால்தானே வம்பு? காகிதத்தை நம்பலாமே!

ஃபோட்டோஷாப்பில் கட்டம் கட்டமாகப் பழுப்பு நிறங்களைப் போட்டேன். அடுத்தடுத்த கட்டத்தில் துளி சிவப்பு, துளி மஞ்சள் கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முதல் பிரிண்ட் செங்கல் கலரில் வந்தது. அடுத்தது பாசி பிடித்த மாதிரி இருந்தது. "உனக்கென்ன கிறுக்கா?" என்றார் முதலாளி. ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டைப் போட்டேன். விடுவதாக இல்லை. பழுப்பெல்லாம் தோல் நிறமாக வந்ததும் அதே பிரிண்டரில், அதே பேப்பரில் ரெண்டு காப்பி. ஒன்று புனேக்கு, ஒன்று வீட்டுக்கு. இனி அவருக்கு எண்ணைச் சொன்னால் போதும்.

வீட்டு ஷீட்டில் கட்டத்துக்குக் கட்டம் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டேன். கைமேல் வைத்தால் ஓட்டை வழியே தோல் தெரியும். எந்தக் கட்டத்தில் ஓட்டையே இல்லாத மாதிரி தெரிகிறதோ, அதுதான் அவள் நிறம். மொட்டை மாடியில் காலை வெயிலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தவள், "தள்ளு, உனக்குப் பாக்கத் தெரியல" என்று ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். கணுவுக்கு ஒரு எண், மற்ற இடத்துக்கு ஒரு எண் என்று அவளே எடுத்தாள்.

புது விரல் வந்த வாரம் சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு வந்தாள். ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் நின்ற அம்மாளைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பினாள். அந்தம்மாள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். விரலை அவர் கவனிக்கவே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை.

இன்றைக்கும் ஒரு வேலை கைக்கு வராமல் இழுத்தடித்தால், கூப்பிய அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு, சரி, இன்னொரு ஷீட் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுகிறேன்.