ஐந்நூறு படிகளுக்குக் கீழே கிரீஸ்

அந்தக் கோடையில் நான் ஒடென்சேயில் அக்கா வீட்டில் இருந்தேன். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை கிடைக்கும் வரை நான் இருக்கும் இடம் அது. என் ஆயுளில் பாதி இப்படித்தான் போயிருக்கிறது. அக்கா ஏனென்று கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாக அவள் தூக்கச் சொல்வதைத் தூக்குவேன், பூட்டச் சொல்வதைப் பூட்டுவேன்.

அக்காவும் அத்தானும் டென்மார்க்குக்கு வந்து முப்பது வருடம். இந்த முப்பது வருடமும் அவர்கள் கோடை விடுமுறைக்குப் போன ஒரே ஊர் ஹொல்ஸ்டெப்ரோ. அங்கே அத்தானின் தங்கை இருக்கிறாள். ஒரு கிழமை ஆட்டுக்கறி சாப்பிட்டு, பழைய சண்டைகளைத் திரும்பப் பிடித்து, பிறகு சமாதானமாகித் திரும்பி வருவார்கள். இதில் ஒருவருக்கும் குறை இருக்கவில்லை, முந்தின வருடம் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வரை.

அத்தானின் பெரியப்பா மகன் ஒருவர் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. வருடா வருடம் ஸ்பெயினுக்குப் போய், வெயிலில் மல்லாந்து கிடக்கிற தன் வயிற்றையும் அதற்கு அப்பால் தெரியும் நீலக் கடலையும் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். அந்தக் கலியாண மண்டபத்தில், நிறைந்த மேசையில் வைத்து அத்தானைக் கேட்டார்:

"என்னடா, இந்த முறையும் ஹொல்ஸ்டெப்ரோவோ? அங்கை இப்ப நல்ல சீசனாமே!"

மேசை முழுக்கச் சிரித்தது. அத்தான் பாதி கடித்த ரோல்ஸைக் கீழே வைத்தார். "வாற வருசம் கிரீஸ்" என்றார். அவர் சொன்னது அக்காவுக்கும் அப்போதுதான் தெரியும்.

பேச்சு மாறாத மனிதர். குளிர்காலத்திலேயே பயணத்தைப் பதிந்தார். பதிந்த பிறகுதான் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். விமானம் வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம், கிரீஸ் தெற்கே. ஆனால் சாத்திரத்தில் இதற்கு வழி இருக்கிறது. பயணப் பை ஒன்றை முதல்நாளே நல்ல நேரத்தில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அந்த நேரத்திலேயே தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். வெறும் பை வைத்தால் பலன் குறையும் என்று நினைத்த அத்தான், எல்லோருடைய கடவுச்சீட்டையும் அதற்குள் வைத்து, புதன்கிழமை காலையில் மூன்று தெரு தள்ளியிருந்த நண்பர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த நண்பர் புதன் பின்னேரம் ஜேர்மனிக்குத் தேர்த்திருவிழா பார்க்கப் போய்விட்டார். போவதாக அத்தானிடம் சொல்லியும் இருக்கிறார். இருவரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. வியாழன் விடிய நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். ஜன்னலால் பார்த்தால் பை சோபாவில் இருந்தது, நெற்றியில் குங்குமப் பொட்டோடு. போன் எடுக்க ஆள் இல்லை. சாத்திரப்படி நாங்கள் முதல்நாளே புறப்பட்டுவிட்டோம். விமான நிறுவனம் அந்தச் சாத்திரம் படிக்கவில்லை.

அதற்குள் அத்தான் பெட்டிகளைப் படமெடுத்து "கிரீஸ் புறப்படுகிறோம்" என்று எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

பிறகு மூன்று நாள் நாங்கள் சொந்த வீட்டில் ஒளித்திருந்தோம். திரைச்சீலையை இழுத்து மூடி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம். தமிழ்க் கடைப் பக்கம் போகத் தடை. நான் வேறு நாடுகளில் காவல்துறைக்குப் பயந்து ஒளித்திருக்கிறேன். அங்கே சாப்பாடு குறைவு, ஆனால் மனநிலை இதைவிட நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அண்ணையிடமிருந்து செய்தி வந்தது: "படம் ஒண்டையும் காணேல்லை?"

அத்தான் அன்று சாப்பிடவில்லை. "இவர் நம்பாட்டி நான் இனி ஒரு கலியாண வீட்டுக்கும் போகேலாது" என்றார். அவருக்கு அந்தக் கோடையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அண்ணை நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

வழி சொன்னது மருமகள், அக்காவின் ஒரே மகள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவள் பகிடிக்குத்தான் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்: டென்மார்க்கின் தெற்கே ஒரு தீவு, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன வளைவுக் கரை, சுண்ணாம்பு கரைந்து பச்சையும் நீலமுமாகக் கடல். அத்தான் போனை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீ முந்தி கிரீஸிலை நிண்டனி தானே?"

நின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மத்தியதரைக் கடலைப் புத்தகத்தில் படிக்கும் வகுப்புக்குப் போகவில்லை, நேரே கடலுக்கே போய்விட்டேன். இப்படி ஒரு வளைவுக் கரையில் இரண்டு கோடை, கடதாசி இல்லாமல் வேலை. விடியக் கட்டில்களை வரிசையில் போடுவது, குடை நடுவது, மணலில் சிகரெட் அடிக்கட்டை பொறுக்குவது. படம் எடுக்கிறவர்கள் கையால் சைகை காட்டுவார்கள், கொஞ்சம் தள்ளி நில் என்று. நான் தள்ளி நிற்பேன். எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்தக் கடல் தொங்கும். அதில் எதிலும் நான் இல்லாமல் இருப்பதற்கு நான்தான் உழைத்தேன். ஒரு நல்ல கடற்கரைப் படம் எப்படி உண்டாகிறது என்று எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஓம் அத்தான். செய்யலாம்" என்றேன்.

ஞாயிறு காலை, பெரிய பாலத்தைக் கடந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினோம். கரைக்கு இறங்க மரப்படிகள், ஏறக்குறைய ஐந்நூறு. பல்கனிக் கதிரை இரண்டு, குடை, நீலக் கோடு போட்ட மேசைவிரிப்பு, வத்தகைப்பழம், ஒரு பை எலுமிச்சம்பழம், அக்கா கட்டிய புளிச்சாதம் எல்லாம் என் முதுகில். எதிரே ஏறி வந்த ஒரு டேனிஷ் கிழவர் எனக்கு வழிவிட்டு, குடிபெயர்கிறாயா என்று கேட்டார். ஓம், கிரீஸுக்கு என்றேன்.

வெயில் எறித்தது உண்மை. ஆனால் டேனிஷ் வெயிலுக்கு வெளிச்சம்தான் உண்டு. காற்று குடையைப் பிடுங்கியது. கரையில் மணல் இல்லை, கூழாங்கல். மழைச்சட்டை போட்ட குடும்பங்கள் குனிந்து குனிந்து கல்லாகிப்போன பழங்காலச் சிப்பிகளைத் தேடின. கிரீஸில் மழைச்சட்டையோடு குனிகிறவன் இல்லை. எல்லோரையும் படத்தின் சட்டத்துக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விழா. டேனிஷ்காரர் கொடி நடாமல் கேக் வெட்ட மாட்டார்கள். கற்களுக்கு நடுவே எட்டோ ஒன்பதோ சிவப்பு வெள்ளைக் கொடிகள்.

நான் கதிரைகளைத் திருப்பினேன். கொடிகள் போனைப் பிடிக்கும் மருமகளுக்கு முதுகுப்பக்கம், பாறையும் கடலும் அத்தானுக்குப் பின்பக்கம். எலுமிச்சம்பழத்தைச் சும்மா வைத்தால் இயற்கையாக இருக்காது என்று இரண்டை வெட்டி வைத்தேன். அத்தானுக்கு அரைக்காற்சட்டை, பூப்போட்ட சட்டை, பெரிய கறுப்புக் கண்ணாடி.

"கண்ணாடி வேணுமோ?"

"வேணும். அங்கை கண்ணைத் திறக்கேலாது அத்தான்."

அக்கா கம்பளிச் சட்டையைக் கழற்ற மறுத்தாள். "விசர் மனுசனுக்காக நான் நிமோனியா வந்து சாகேலாது. நான் ஹோட்டலிலை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ." மருமகள் போனைத் தூக்கிப் பிடித்து "பின்லிட்" என்றாள். மானக்கேடு என்பதற்கு டேனிஷில் அப்படி. அவள் தகப்பனோடு கதைப்பதில் பாதி அந்தச் சொல்தான்.

"கையிலை மயிர்க்கூச்செறிஞ்சு நிக்குது, அப்பா."

"சந்தோசத்திலை எண்டு நினைப்பினம். எடு."

நாற்பது படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தோம். உண்மையைச் சொன்னால் அருமையான படம். அத்தான் சாய்ந்து கிடக்கிறார், பின்னால் வெள்ளைப் பாறையும் பளிங்குக் கடலும். நான் வேலை செய்த கரைகூட இவ்வளவு கிரீஸாக இருக்கவில்லை. அனுப்பினோம். அத்தான் பெருமூச்சு விட்டுப் புளிச்சாதப் பொதியைப் பிரித்தார்.

இரண்டு வாய் வைத்திருப்பார். போன் அடித்தது. அண்ணை, அதுவும் முகம் பார்க்கிற அழைப்பு.

"எடுக்காதேங்கோ" என்றாள் அக்கா.

"எடுக்காட்டி சந்தேகப்படுவார்." அத்தான் கையைத் துடைத்து, கடல் பின்னால் வரும்படி நின்று, மகளிடம் போனைக் கொடுத்தார்.

"டேய்! சோக்கான இடமடா!" அண்ணையின் முகம் திரையை நிறைத்தது. "எத்தினை டிகிரி?"

"முப்பத்தாறு, அண்ணை. தாங்கேலாது."

சொல்லும்போது அவருடைய பல் அடித்தது. அதே நேரம் பிறந்தநாள்காரர் எழுந்து நின்று, கைதட்டி, டேனிஷில் பாடத் தொடங்கினார்கள். மூன்று முறை ஹுர்ரா.

"அங்கையும் டேனிஷ்காரரே?"

"எங்கை போனாலும் நிக்கிறாங்கள் அண்ணை. நிம்மதியா இருக்க விடமாட்டாங்கள்."

நான் மனதுக்குள் கைதட்டினேன். அத்தானுக்கு இந்தத் திறமை இருப்பது எனக்குத் தெரியாது.

"சரி, ஒருக்கா இறங்கிக் காட்டன் பாப்பம். அந்தத் தண்ணியிலை நீ குளிக்கிறதை அண்ணை பாக்கவேணும்."

அத்தான் திரும்பிக் கடலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு பூப்போட்ட சட்டையோடேயே நடந்தார். முழங்கால் வரை முகம் மாறவில்லை. இடுப்பில் ஒரு சத்தம் வந்தது. அதை இருமலாக மாற்றினார்.

"இன்னும் போ! கழுத்து மட்டும்!"

போனார். தலை மட்டும் தண்ணீருக்கு மேல், கறுப்புக் கண்ணாடியோடு. "சுடுதண்ணி மாதிரி அண்ணை" என்றார். குரல் பத்து வயதுப் பையனுடையது.

அண்ணை போனை வைக்கவில்லை. வீட்டுக்கூரை மாற்றப் போவதைச் சொன்னார். எந்த ஓடு நல்லது என்று கேட்டார். காரின் டயர் பற்றிக் கதைத்தார். அத்தான் ஒவ்வொன்றுக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றார். உதடு நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் போனுக்குள் ஒரு பெண் குரல் கேட்டது, அண்ணையின் மனுசி:

"காணும், விடுங்கோப்பா! அந்த மனுசன் விறைச்சுச் சாகப்போகுது."

அண்ணை வெடித்துச் சிரித்தார். "டேய், படத்தைப் பெரிசாக்கிப் பார்! உன்ரை கண்ணாடிக்குள்ளை எட்டு டேனிஷ் கொடி நிக்குதடா!"

மருமகள் படத்தைப் பெரிதாக்கினாள். நின்றன. கேக்கும் தெரிந்தது. பின்பக்கத்தை மட்டுமே கவனித்துப் பழகிய என் பிழை அது. கண்ணாடி வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

அத்தான் வெளியே வருவார் என்று அக்கா துவாயை விரித்தாள். அவர் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரில் அலசினார். முழுக்க நனைந்தவனுக்குக் கூதல் இல்லை என்பார்கள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். பிறகு மல்லாக்கச் சாய்ந்து மிதந்தார். அவருக்கு மிதக்கத் தெரியும் என்பது முப்பது வருடமாகச் சேர்ந்து வாழ்ந்த அக்காவுக்கே புதுச் செய்தி. அவள் துவாயோடு வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

போனில் சிரிப்பு மெல்ல நின்றது. அண்ணையின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"டேய்… உண்மையா அது எங்கை? டென்மார்க்கிலை இப்பிடி ஒரு கடல் இருக்கே?"

அத்தான் மிதந்தார்.

"சொல்லடா. வாற ஞாயிறு நாங்களும் வாறம். கோழிக்கறி கொண்டாறம். ஸ்பெயினிலை கரை முழுக்கச் சனமடா, கால் வைக்க இடமில்லை. எங்கை அது? எந்தப் பக்கம்?"

அத்தான் எழுந்து நின்றார். தண்ணீர் மார்பளவு. பூப்போட்ட சட்டை உடம்போடு ஒட்டி, உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் அந்த முகத்தை நான் அதற்கு முன் அவரிடம் கண்டதில்லை.

"கிரீஸ், அண்ணை" என்றார். "போனை வை, பிள்ளை."