கறுப்புக் கோட்டுக்காரன் திறந்துவிட்ட குழாய்

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த சித்திக்குப் படக்கதைப் புத்தகங்களைச் சிபாரிசு செய்கிற உத்தியோகம். சம்பளம் கிடையாது, ஆனால் அதிகாரம் உண்டு. எதை முதலில் படிக்க வேண்டும், எதை அப்புறம், எதைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் நான்தான் சொல்வேன். நான் ஒன்றைச் சொல்ல, பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொள்வது என்பது அதற்கு முன் என் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. அதனால் அந்தப் பதவியில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

புத்தகங்கள் சித்தப்பாவுடையவை. அப்பாவின் ஒரே தம்பி. தி. நகரில் ஒரு வங்கியில் வேலை. சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை. லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் போய்க் குந்திக்கொள்வார். முகமூடி போட்டவன், பறக்கிறவன், சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறவன் என்று உலகத்திலுள்ள வீரர்களெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த நடைபாதைக்கு வந்துதான் ஒதுங்கினார்கள். அங்கிருந்து ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டிக்குக் குடிவந்தார்கள். ஜூன் மாதத்தில் என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டுத் தருகிற சித்தப்பா, மிச்சத் தாளில் தன் வீரர்களுக்கும் அட்டை போட்டுவிடுவார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரி, ஏதோ இருநூறு கணக்குப் புத்தகம் அடுக்கினாற்போல இருக்கும்.

மயிலாப்பூரில் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன் எங்களுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அதற்குள் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. கார்த்திகையில் கல்யாணமாகிச் சித்தியும் வந்து சேர்ந்தாள். சித்திக்கு அம்பாசமுத்திரம். எல்லோரும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அவள் சும்மா ஜன்னலோரம் நின்றால்கூட, என்னம்மா, உடம்பு சரியில்லையா, காப்பி வேண்டுமா, அப்பா அம்மா ஞாபகமா என்று நான்கு பேரும் சேர்ந்து விசாரித்துவிடுவோம்.

அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள்தான். ஒன்று, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி. மற்றொன்று, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைவது. அந்த வருஷம் மழை நன்றாக ஏமாற்றிவிட்டது. கீழே இருந்த வீட்டுக்காரர் காலையில் ஒரு தடவை மோட்டார் போடுவார், அதோடு சரி. அப்பா அடிக்கடி மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வருவார். இப்படிப்பட்ட வீட்டில் சித்தி குளிக்கப் போனால் குழாய் திறந்தது திறந்தபடி ஓடும். துணி அலசப் போனாலும் ஓடும். ஒன்றுமில்லாமல் கைகால் அலம்பப் போனாலும் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆற்றங்கரைப் பெண், தண்ணீரின் அருமை தெரியவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அப்பாவுக்குத் தம்பி மனைவியிடம் நேரே சொல்லக் கூச்சம். குளியலறைக்கு வெளியே நின்று இருமிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, யாருக்கோ சொல்கிற மாதிரி, கதவில் ஒட்டிவைத்தார். குழாய் அதையும் மதிக்கவில்லை.

பெட்டி விஷயத்தில் மட்டும் அப்பாவுக்குக் கூச்சமே கிடையாது. மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆனவனுக்குப் பொம்மைப் புஸ்தகம் என்னத்துக்குடா? அந்தப் பொண்ணு இன்னும் சூட்கேஸ்லேர்ந்து எடுத்துக் கட்டிண்டிருக்கா. துணி வைக்க ஒரு எடமில்லை இந்த ஆத்துல."

அது வாஸ்தவம். சித்தியின் சூட்கேஸ் சுவரோரம் பாதி திறந்தபடி, ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே நின்றுகொண்டிருந்தது. போகிக்குள் பெட்டியைக் காலி செய்துவிட வேண்டும், பழைய பாயோடு அதுவும் நெருப்பில் போகட்டும் என்றார் அப்பா. சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். சித்தியைப் பார்த்து, "நீயே பாத்துச் சொல்லும்மா. வச்சுக்கலாம்னு நீ சொன்னா வச்சுக்கட்டும்" என்று முடித்துவிட்டார். சித்தி படக்கதையைக் கையால் தொட்டதில்லை என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயந்திரமே எனக்கு உத்தியோக நியமனம் நடந்தது. சித்தப்பா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "நான் குடுத்தா எனக்காகப் படிப்பா. நீ குடுத்தா நிஜமாப் படிப்பா. ஒண்ணாவது அவளுக்குப் பிடிச்சுப்போகணும்டீ."

நான் யோசித்தேன். எனக்குப் பாட்டு வகுப்பு வேப்பங்காய். ஆனாலும் மார்கழியில் அம்மா பின்னாலேயே சபா சபாவாகச் சுற்றியதில் ஒன்று மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். கச்சேரியில் எதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் சுறுசுறுப்பாக ஒரு வர்ணம். அப்புறம் சின்னச் சின்னக் கீர்த்தனைகள். கூட்டம் சூடு பிடித்த பிறகுதான் கனமான ராகம். எடுத்த எடுப்பில் கனமானதை எடுத்தால் ஜனங்கள் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். சித்தியோ முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். ஆகவே இதுவே சரியான வழி என்று முடிவு செய்தேன். வர்ணத்துக்கு, மஞ்சள் உடுப்பும் பச்சை முகமூடியும் போட்ட பழைய வீரன். அவன் விழப்போகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான், கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்குவான், கடைசிப் பக்கத்தில் ஊரே கைதட்டும். அடுத்ததாகவும் அவனே. மூன்றாவதாக, விஞ்ஞானியின் மகள் வானத்தில் பறக்கிற கதை. இருட்டாக, அழுமூஞ்சியாக இருக்கிற கதைகளெல்லாம் கடைசியில். அவற்றிலும் கறுப்புக் கோட்டுக்காரன் கதையைத் தரவே கூடாது. அது எனக்கே பிடிக்காது.

வர்ணம் எடுபடவில்லை. சித்தி மத்தியானம் உட்கார்ந்து படித்துவிட்டு, "நன்னா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பாயசத்தைச் சொல்கிற அதே "நன்னா இருக்கு". இரண்டாவதற்கும் அதேதான். இவனுக்கு உடம்பு வலிக்கவே வலிக்காதா என்று மட்டும் கேட்டாள். வலிக்காது, அதனால்தான் அவன் வீரன் என்று விளக்கினேன். போகி நெருங்கிக்கொண்டே வந்தது. சித்தப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், நான் உதட்டைப் பிதுக்குவேன். மனுஷனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாவது புத்தகத்தை அவசரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயந்திரம் வந்து அடுத்ததைத் தயாராக எடுத்துவைக்கலாமென்று பெட்டியைத் திறந்தால், பறக்கிற பெண் அங்கேயே இருந்தாள். பாழாய்ப்போன பிரவுன் அட்டை! நான் கொடுத்தது கறுப்புக் கோட்டுக்காரனை.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் பறக்கத் தெரியாது. அடித்தால் ரத்தம் வரும். ஏதோ ஒரு பட்டணத்தில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறான். இந்தக் கதையில் ஒரு கட்டடம் தீப்பற்றிக்கொள்கிறது, இவன் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருந்த கிழவர் செத்துப்போகிறார். ஊரார் இவன்மேல் கல்லெறிகிறார்கள். வீட்டுக்கு வந்து, கீழ்வீட்டு அம்மாளுக்குச் சிரித்தபடி வணக்கம் சொல்லிவிட்டு மாடியேறுகிறான். அதற்கப்புறம் இரண்டு பக்கங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. குளியலறைக் கதவைத் தாழிடுகிறான். குழாயைத் திறந்துவிடுகிறான். முகமூடியைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்கிறான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. கைதட்டலும் இல்லை, ரயிலும் இல்லை. இதையும் ஒரு கதையென்று அச்சடித்தார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சித்தி எங்கே என்று ஓடினேன். குளியலறையில் இருந்தாள். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கதவை நான் தட்டிய தட்டில் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "சோப்பு பட்டுடுத்து" என்றாள். புத்தகம் கட்டில்மேல் கவிழ்ந்து கிடந்தது. தொலைந்தது, சித்தப்பாவின் பெட்டிக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. தப்பான புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன், இதைப் படித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கெஞ்சினேன்.

சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு அந்த இரண்டு பக்கங்களையும் விரித்தாள்.

"இவன் எதுக்குக் குழாயைத் திறந்து விட்டிருக்கான், சொல்லு பாப்போம்?"

"மூஞ்சி அலம்பிக்க. ஆனா அலம்பிக்காம உக்காந்துண்டிருக்கான், அசடு. தண்ணியெல்லாம் வேஸ்ட்."

சித்தி சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளாக அவள் புன்னகைதான் செய்திருந்தாள். அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் ஈரம் இருக்கும்போதே. பிறகு அந்தப் பக்கத்தில் தன் கொண்டை ஊசியைச் செருகிவைத்துவிட்டு, "இந்த மாதிரி இருட்டா இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

என் கச்சேரி முறையெல்லாம் காற்றில் பறந்தது. தரக்கூடாது என்று ஒதுக்கிவைத்திருந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தோற்றுப்போன வீரன், வயதான வீரன், யாரும் நம்பாத வீரன் என்று ஒருவரையும் விடாமல் படித்துத் தீர்த்தாள். பெட்டியில் தீர்ந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு லஸ் முனைக்கே போய்விட்டாள். கடைக்காரர் வாயைப் பிளந்தார். "இன்னாம்மா, சாரு வருவாருன்னு பாத்துகினு இருந்தா நீங்க வந்து நிக்கிறீங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

சித்தப்பா தலைகால் புரியாமல் திரிந்தார். அப்படி எது பிடித்துப்போயிற்று என்று பார்க்க, கொண்டை ஊசி வைத்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிரித்துக்கொண்டே பிரித்தவர் அந்த இரண்டு பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தார். கதவில் அப்பா ஒட்டிய தாளைப் பார்த்தார். ஜெயித்துவிட்டோமே சித்தப்பா என்று நான் தோளைத் தட்டினேன். அவர் கொண்டை ஊசியை அதே பக்கத்தில் திரும்பச் செருகிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஆபீஸ் சிநேகிதர் ஒருவரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி வந்து, "சத்தமா இருக்கற இடத்துக்குப் போயிட்டு வரலாம், வா" என்று சித்தியைக் கூப்பிட்டார். திருவான்மியூர் தாண்டிக் கொட்டிவாக்கம் பக்கம், ஆளில்லாத கடற்கரைக்கு. என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. வேலையெல்லாம் செய்தது நான், ஸ்கூட்டரில் போவது அவர்களா? அதிலும், சத்தம்தான் வேண்டுமென்றால் பாண்டி பஜாருக்குப் போனால் போதாதா, கடைகளையாவது பார்க்கலாமே? இருட்டுகிற நேரத்துக்கு இருவரும் தலையெல்லாம் மணலும் உப்புக்காற்றுமாகத் திரும்பி வந்தார்கள். சித்தியின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் பளிச்சென்று இருந்தது. எனக்கு மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை. கோபத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் தின்றேன். அப்புறம் ஞாயிறுதோறும் போனார்கள்.

போகியன்று விடிந்ததும் தெருவில் பறை கொட்டுகிற சத்தமும் புகையுமாக இருந்தது. அப்பா பழைய பாய், பிய்ந்த முறம், உடைந்த விசிறி எல்லாவற்றையும் வாசலில் போட்டுவிட்டு மாடியேறி வந்து, என்னம்மா முடிவு செய்தாய் என்று சித்தியைக் கேட்டார். சித்தி சூட்கேஸைப் படுக்கவைத்துத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பெட்டியில் புத்தகங்களின்மேல் அடுக்கினாள். காலி சூட்கேஸை மூடிச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"இதைத் தூக்கிப் பரண்ல போட்டுடுங்கோ. இனிமே வேண்டியிருக்காது."

அப்பா பெட்டியைப் பார்த்துவிட்டு, சரி, பாயாவது எரியட்டும் என்று முனகிக்கொண்டே கீழே போனார். நான் என் போகிப் பறையைத் தூக்கிக்கொண்டு ஓடித் தெருவே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி கொட்டினேன்.

அந்தக் குழாய் ஏன் அப்படி ஓடியது என்பது எனக்குப் புரிய, வெளியூரில் ஒரு வேலையும், அட்டைச் சுவர் வைத்த ஒரு பெண்கள் விடுதியும் வேண்டியிருந்தன. சுற்றிலும் நல்ல மனுஷர்கள் இருந்தால் அழுவது எவ்வளவு சிரமம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தாழிடக் கதவு வேண்டும். சத்தத்துக்குத் தண்ணீர் வேண்டும்.

ஆனால் அன்று அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பொங்கலன்று சாப்பிடும்போது, இப்போதெல்லாம் குழாய் வீணாக ஓடுவதே இல்லை, தொட்டியில் தண்ணீர் மிஞ்சுகிறது, தான் ஒட்டிய தாள் ஒருவழியாக வேலை செய்துவிட்டது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். என் உழைப்பின் பலனை அவர் தட்டிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேனா?

"தாளும் இல்லை, ஒண்ணும் இல்லைப்பா. நான் குடுத்த கதையிலே அந்தக் கறுப்புக் கோட்டுக்காரன் தண்ணியை வீணாக்கறான். அதைப் படிச்சுதான் சித்தி திருந்தினா."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிபாரிசு செய்தால் இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.